சின்னப் பொருளுக்கு விளம்பரம் நாம்தான்!

('நாலு பேருக்குச் சொல்லத் தக்கவை வீட்டிலுள்ள பெரிய சாதனங்களே! சின்னச் சின்னப் பொருள்களே!' என்ற பட்டிமன்றத்தில், 'சின்னச் சின்னப் பொருள்களே!' என்னும் அணியில் பேசியது)

வணக்கத்துக்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எங்களிடம் தோற்பதற்காகவே இவ்வளவு சிரமப்பட்டுத் தயாரித்துக்கொண்டு வந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) சமையலைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! மீதிச் சமையல் நம் தலையில் விழுமோ என்ற கவலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே! (சிரிப்பு, கைதட்டல்) வீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கிற அன்பு நெஞ்சங்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு பட்டியல் வாசித்தார்கள். கிரைண்டர், மிக்ஸி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் அடுப்பு, ஏ.சி. என்று மூச்சு விடாமல் சொன்னார்கள். நான் பக்கத்து நண்பரிடம் கேட்டேன், "ஐயா, இது பட்டிமன்றப் பேச்சா, இல்லை மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தனுப்பிய லிஸ்ட்டா?" (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே, கிரைண்டரை நான் குறை சொல்ல மாட்டேன். 1955-ஆம் ஆண்டு கோயமுத்தூரில் பி. சபாபதி என்ற பெருமகனார் மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அதற்கு முன்னால் நம் தாய்மார்கள் ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கையால் குழவியைச் சுற்றி, ஒரு கையால் மாவைத் தள்ளி, தோள்பட்டை கழன்று போக அரைத்தார்கள். அந்தத் தோள்களுக்கு விடுதலை கொடுத்த ஊர் கோயமுத்தூர். அதற்காகவே கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. 2011-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. ஏழை வீட்டுத் தாயின் தோளுக்கும் அந்த விடுதலை போய்ச் சேர்ந்தது. இதையெல்லாம் யார் மறுப்பது?

ஆனால் இன்றைய தலைப்பு என்ன? எது பெரிய உதவி என்பது அல்ல. நாலு பேருக்குச் சொல்லத் தக்கது எது? சொல்லத் தக்கது! அதுதான் கேள்வி. கிரைண்டரைப் பற்றி நீங்கள் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல வேண்டுமா என்ன? நடிகை வந்து சொல்கிறார். கிரிக்கெட் வீரர் வந்து சொல்கிறார். அந்த வீரர் என்றைக்கு மாவு அரைத்தார் என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை! (சிரிப்பு) பெரிய பொருளுக்குக் கோடிக்கணக்கில் செலவு செய்து சொல்லுவதற்கு ஆள் இருக்கிறது. ஒரு ரப்பர் வளையத்துக்கு எந்த நடிகை வந்து பேசுவார்? ஓர் ஊக்குக்கு யார் விளம்பரம் எடுப்பார்கள்? அதைச் சொல்லுவதற்கு உங்களையும் என்னையும் விட்டால் நாதி இல்லை. அதனால்தான் சொல்லுகிறேன், நாலு பேருக்குச் சொல்லத் தக்கவை சின்னச் சின்னப் பொருள்களே! (கைதட்டல்)

திருவள்ளுவர் வீட்டில் என்ன சாதனம் இருந்தது? செவிவழிக் கதை ஒன்று உங்களுக்கெல்லாம் தெரியும். வள்ளுவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஒரு ஊசியும், கொட்டாங்கச்சியில் தண்ணீரும் பக்கத்தில் வைக்கச் சொல்வாராம். வாசுகி அம்மையார் ஏன் என்று கேட்காமலே வைத்தாராம். கடைசிக் காலத்தில்தான் கேட்டாராம். "நீ பரிமாறும்போது ஒரு பருக்கை சிந்தினால் அதை ஊசியால் எடுத்துக் கழுவிச் சாப்பிடலாம் என்று வைக்கச் சொன்னேன். ஆனால் ஒரு நாளும் நீ சிந்தவில்லை" என்றாராம். இந்தக் காலத்தில் ஒரு கணவன் சாப்பிட உட்கார்ந்து "ஊசி கொண்டா" என்று சொல்லிப் பார்க்கட்டும். "எதுக்கு, சட்டைப் பட்டன் போயிடுச்சா? நூலும் அங்கேதான் இருக்கு, நீங்களே தச்சுக்குங்க" என்று பதில் வரும்! (பலத்த சிரிப்பு) கதை உண்மையோ பொய்யோ, உலகத்துக்கே அறம் சொன்ன ஒருவரின் வீட்டுக்குக் கதை கட்டிய நம் முன்னோர், அங்கே வைத்தது ஒரு ஊசியைத்தான். (கைதட்டல்)

அதே வள்ளுவர், வினைத்திட்பம் என்ற அதிகாரத்தில், உருவத்தைப் பார்த்து எவரையும் இகழாதே என்று எச்சரிக்கிறார். காரணம் என்ன சொல்கிறார்? உருண்டு ஓடுகிற பெரிய தேரைப் பார், அதைக் காப்பாற்றுவது ஒரு சின்ன அச்சாணி என்கிறார். நடுவர் அவர்களே, உங்கள் வீட்டுச் சமையலறைக்குள் நான் அந்த அச்சாணியைத் தேடிப் போகிறேன். கூடவே வாருங்கள்.

முதலில் குக்கர். 1679-ஆம் ஆண்டு டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் ஆவியை அடைத்து வேகவைக்கும் பாத்திரத்தைச் செய்தார். உள்ளே அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடு ஏறும். அதனால்தான் பருப்பு பாதிக்கும் குறைந்த நேரத்தில் வெந்துவிடுகிறது. ஆனால் அடைத்த ஆவி சும்மா இருக்குமா? வெடிக்கும். அதனால் பாப்பின் ஒரு சின்ன மூடியைச் செய்து வைத்தார். அழுத்தம் அளவுக்கு மேலே போனால் அது தூக்கிக்கொண்டு ஆவியை வெளியே விடும். அதுதான் சேஃப்டி வால்வு. அந்தச் சின்ன வால்வு இல்லையென்றால் குக்கர் என்பது சமையல் பாத்திரமா? அடுப்பில் வைத்த வெடிகுண்டு!

நம் வீட்டுக் குக்கர் மூடியிலும் இது இருக்கிறது. வெயிட் போடுகிற குழாய் அடைத்துக்கொண்டால், இந்த வால்வுக்குள் இருக்கிற உலோகம் சூட்டில் உருகி, வழி விட்டு, ஆவியை வெளியேற்றுகிறது. தான் அழிந்து உங்களைக் காப்பாற்றுகிறது. தியாகி என்றால் அதுதான் தியாகி! (கைதட்டல்) அந்தத் தியாகிக்கு நாம் என்ன மரியாதை செய்கிறோம்? உருகிப் போனால் புதுசு வாங்காமல், ஏதோ ஒரு கடையில் கிடைத்த போலியை மாட்டுகிறோம். சில வீட்டில் அந்த ஓட்டையையே அடைத்துவிடுகிறார்கள்! தாய்மார்களே, நாலு பேருக்குச் சொல்லுங்கள். குக்கர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். வால்வும் காஸ்கட்டும் அந்தக் குக்கர் கம்பெனியின் அசல் பாகமாக வாங்குங்கள். மூடுவதற்கு முன்னால் வெயிட் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, துவாரம் தெரிகிறதா என்று பாருங்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேலே நிரப்பாதீர்கள். பொங்குகிற பருப்பு, அரிசி என்றால் பாதிக்கு மேலே வேண்டாம். இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகிறது? ஒரு விசில் நேரம்! (சிரிப்பு, கைதட்டல்)

அடுத்தது கேஸ் அடுப்பு. எதிரணி நண்பர் நாலு பர்னர், கண்ணாடி மேடை, தானாகப் பற்றிக்கொள்கிற அடுப்பு என்று வர்ணித்தார். கேட்கும்போதே பசி எடுத்தது. ஆனால் அடுப்புக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு ஆரஞ்சு நிறக் குழாய் போகிறதே, அதை அவர் சொன்னாரா? சொல்லவில்லை! ஏன்? அது அடுப்புக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. விருந்தாளிக்குக் காட்ட முடியாது. நம் வீட்டுக்கு யாராவது வந்தால், "வாங்க, வாங்க, புது ஃபிரிட்ஜைப் பாருங்க" என்று கூப்பிடுகிறோம். "வாங்க, போன மாசம் கேஸ் ட்யூப் மாத்தினோம், பாருங்க" என்று எந்த வீட்டிலாவது கூப்பிட்டது உண்டா? (சிரிப்பு) கூப்பிட வேண்டும் ஐயா! அந்தச் சுரக்ஷா குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். குழாயிலேயே தேதி போட்டிருக்கிறது. ஃபிரிட்ஜ் கெட்டால் பால் திரியும். குழாய் கெட்டால் குடும்பமே கருகும்.

சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் தகட்டில் ஒரு எழுத்தும் ஓர் எண்ணும் எழுதியிருக்கும். இங்கே இருக்கிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? ஏ என்றால் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி என்றால் செப்டம்பர் வரை, டி என்றால் டிசம்பர் வரை. பி-27 என்று இருந்தால், 2027 ஜூன் மாதத்துக்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று அர்த்தம். தேதி தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறோம், பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். வீட்டுக்குள்ளே குடிவருகிற சிலிண்டருக்கு ஒரே ஒரு பொருத்தம் பார்க்கக் கூடாதா? (பலத்த கைதட்டல்)

சிலிண்டர் வந்ததும் வால்வுக்குள் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறதா என்று கொண்டுவந்தவரையே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். கசிகிறதா என்று சந்தேகமா? சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. நெருப்புக் குச்சி கிழித்துப் பார்க்கிற மகானுபாவர்கள் இன்னும் சில பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பார்ப்பதற்கு முன்னால் உயில் எழுதிவிடுங்கள்! (சிரிப்பு) கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடு. கதவு, ஜன்னலைத் திற. எந்த ஸ்விட்சையும் போடாதே, அணைக்காதே. வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய். இந்த நாலு வாக்கியத்துக்கு ஒரு பைசா செலவு இல்லை.

மூன்றாவது, நீங்கள் கொண்டாடுகிற அதே கிரைண்டர். மாவு தள்ளுகிற கை ஈரக் கை. நிற்கிற தரை ஈரத் தரை. உள்ளே மின்சாரம். அந்தத் தாயின் உயிரைக் காப்பது எது? பிளக்கில் மூன்றாவதாக ஒரு பின் இருக்கிறதே, அது. மற்ற இரண்டையும்விடத் தடியாகவும் நீளமாகவும் இருக்கும். ஏன் நீளம் தெரியுமா? செருகும்போது அது முதலில் உள்ளே போக வேண்டும், எடுக்கும்போது கடைசியாக வெளியே வர வேண்டும். மின்சாரம் வருவதற்கு முன்னால் வந்து, மின்சாரம் போன பிறகு போகிறது. வீட்டில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, எல்லாரும் தூங்கிய பிறகு தூங்கப் போகிறாளே ஒருத்தி, அவளைப் போல! (நீண்ட கைதட்டல்)

அந்தப் பின்னை நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "சார், இந்த போர்டுல மூணு ஓட்டை இல்லை, ரெண்டுதான் இருக்கு" என்று சொல்லி, இரண்டு ஒயரை மட்டும் உரித்து, தீக்குச்சி வைத்துச் செருகிவிடுகிறார்கள். கேட்டால் "ஓடுதே சார்!" என்கிறார்கள். ஓடும் ஐயா, கிரைண்டர் ஓடும். ஒரு நாள் ஒயர் பழுதாகி, உலோக உடம்பில் மின்சாரம் பாய்ந்தால், அதைத் தரைக்குக் கடத்த வழி இருக்காது. அந்த வழியாக அந்தத் தாய் ஆகிவிடுவாள். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்று ஒன்று மாட்டச் சொல்லுங்கள். உள்ளங்கை அளவுதான். வீட்டுக்குள் போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால், கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். போவதற்கும் வருவதற்கும் வித்தியாசம் பார்த்து உடனே கண்டுபிடிக்கிற சக்தி, இதை விட்டால் நம் வீட்டு அம்மாக்களுக்குத்தான் உண்டு! (பலத்த சிரிப்பு)

இப்போது சொல்லுங்கள் நடுவர் அவர்களே. குக்கருக்கு அச்சாணி ஒரு வால்வு. கேஸ் அடுப்புக்கு அச்சாணி ஒரு குழாய். கிரைண்டருக்கு அச்சாணி ஒரு பின். தேரைப் பற்றி ஊர் முழுக்கப் பேசியாகிவிட்டது. அச்சாணியைப் பற்றிப் பேசுவது யார்?

எதிரணியில் ஒருவர் கேட்டார், "சின்னப் பொருள் எல்லாம் பெரிய பொருளுக்கு எடுபிடிதானே?" என்று. அப்படியா? தனியாக நிற்கிற சின்னப் பொருள் இல்லையா? ஊக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1849-ஆம் ஆண்டு நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவர், 15 டாலர் கடனை அடைக்க வழி தேடி, ஒரு கம்பியை வளைத்து வளைத்துப் பார்த்தபோது பிறந்தது அந்த ஊக்கு. உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். இன்றைக்கு நம் தாய்மார்கள் கழுத்துச் சங்கிலியிலோ வளையலிலோ ஒன்று மாட்டாமல் வெளியே கிளம்புகிறார்களா? கல்யாண மேடையில் மணப்பெண் கட்டியிருக்கிற பட்டுப்புடவை ஐம்பதாயிரம் ரூபாய். அந்த ஐம்பதாயிரத்தின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது உள்ளே இருக்கிற ஒரு ஊக்கு! செருப்பு வார் அறுந்தால் ஊக்கு. பையின் ஜிப் போனால் ஊக்கு. பையன் கால்சட்டைப் பட்டன் போனாலும் ஊக்கு. எந்த வாஷிங் மெஷின் இத்தனை வேலை செய்யும்? (கைதட்டல்)

அடுப்பு பற்ற வைக்கிற லைட்டரைப் பாருங்கள். அதற்குக் கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். விசையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தி ஒரு படிகத்தைத் தட்டுகிறது. தட்டிய வேகத்தில் அந்தப் படிகத்தில் மின்சாரம் பிறந்து பொறி பறக்கிறது. இந்த உண்மையை 1880-இல் கண்டுபிடித்தவர்கள் பிரான்சு நாட்டுக் கியூரி சகோதரர்கள். அவர்களில் ஒருவரான பியர் கியூரி, மேரி கியூரி அம்மையாரின் கணவர். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி அன்றைக்குக் கண்ட உண்மை, இன்றைக்கு உங்கள் அடுப்படியில் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? அதை வைத்துக் கரப்பான்பூச்சி அடிக்கிறோம்! (பலத்த சிரிப்பு)

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அன்றைக்கு மிக்ஸி பேசியதா? ஃபிரிட்ஜ் குளிர்ந்ததா? பெரிய சாதனம் எல்லாம் வெறும் பெட்டியாக நின்றது. டார்ச் விளக்கு வேலை செய்தது. லைட்டர் வேலை செய்தது. மூலையில் தள்ளி வைத்திருந்த அம்மி வேலை செய்தது. அரிவாள்மணை வேலை செய்தது. நல்ல காலத்தில் உதவுகிறவன் உறவு; கெட்ட காலத்தில் உதவுகிறவன் நண்பன். பெரிய சாதனம் உறவு, சின்னப் பொருள் நண்பன்! (கைதட்டல்)

பெரிய சாதனத்தை ஏன் வாங்குகிறோம் என்பதும் இருக்கிறது. ஒரு நண்பர் வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தது. "உபயோகமாக இருக்கிறதா?" என்று கேட்டேன். "ரொம்ப உபயோகம் சார். வாங்கினதிலேர்ந்து பூனை பாலைத் தொடவே இல்லை" என்றார். "என்ன சம்பந்தம்?" என்றேன். "பாலை அதுக்குள்ளதானே மூடி வைக்கிறோம்!" என்றார். (பலத்த சிரிப்பு) பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று வாங்கியது பெரிய பொருள். கை சுட்டது என்று வாங்கியது இடுக்கி. தேவை எதைப் பெற்றது, பெருமை எதைப் பெற்றது என்று நடுவரே முடிவு செய்யட்டும்.

கடைசியாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இதில் சிரிப்பு இல்லை.

1971-ஆம் ஆண்டு. வங்கதேசப் போர். இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வருகிறார்கள். எல்லையை ஒட்டிய பன்காவ்ன் என்ற ஊரில் முகாம். காலரா பரவுகிறது. நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய திரவம் போதவில்லை. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் துணிந்து ஒரு முடிவு எடுத்தார். குளுக்கோஸையும் உப்பையும் அளந்து கலந்து தண்ணீரில் கரைத்து, வாய் வழியாகவே கொடுக்கச் சொன்னார். நர்ஸ்தான் கொடுக்க வேண்டும் என்பது இல்லை. தாய் கொடுத்தாள், தகப்பன் கொடுத்தான், அண்ணன் தம்பிக்குக் கொடுத்தான். நூற்றுக்கு முப்பது என்று போய்க்கொண்டிருந்த சாவு, அந்தக் கரைசலைக் குடித்தவர்களிடையே நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. அதுதான் இன்றைக்கு மருந்துக் கடையில் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம். அந்த மருத்துவர் 2022-இல் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அவர் பெயருக்கு வந்தது. (கைதட்டல்)

தாய்மார்களே, அந்தப் பொட்டலம் உங்கள் வீட்டில் இரண்டு இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுமுறை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; அதே மாதிரிப் பெயரில் வருகிற இனிப்புப் பானம் வேறு. உறையில் சொன்ன அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையாகக் கரையுங்கள். நடுராத்திரி, கடை இல்லை என்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், தலை தட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். ஒரு குழந்தையின் உயிர் ஒரு பொட்டலத்தில் நிற்கும்போது, நாலு பேருக்குச் சொல்லத் தக்கது எது என்று ஒரு பட்டிமன்றம் தேவையா ஐயா?

நம் ஊரில் கிரகப்பிரவேசம் நடக்கிறது. ஒன்பது பேர் ஒன்பது சுவர்க் கடிகாரம் கொடுக்கிறார்கள். ஒன்பதும் ஒன்பது மணி காட்டுகிறது! (சிரிப்பு) இனிமேல் ஒரு சின்ன டப்பா கொடுங்கள். அதற்குள்ளே ஒரு டார்ச் விளக்கு, ஒரு லைட்டர், ஒரு ஊசியும் நூலும், பத்து ஊக்கு, இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். மேலே ஒரு சீட்டில் 1906 என்று எழுதி ஒட்டுங்கள். கடிகாரம் அவர்களுக்கு மணியைக் காட்டும். இந்த டப்பா, மணி சரியில்லாத நேரத்தில் உங்கள் முகத்தைக் காட்டும்! (பலத்த கைதட்டல்)

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது நம் பழமொழி. அந்தக் கடுகின் பக்கம் நின்று நியாயத் தீர்ப்பு வழங்குங்கள் என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)